ஹாகன் தம்பதிக்கு எத்தனை வாட்

வீட்டுவண்டிக்காரர்களின் சங்கம் நடத்தும் ரெட்டெயில் மேசா முகாமுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம். மூன்று நாய்கள் கொண்டுபோகலாம். இரண்டாம் மனைவியைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் மனைவியின் வண்டிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஜெனரேட்டர் கொண்டுபோனால் மட்டும் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட மூன்று பேர் கோல்ஃப் வண்டியில் வந்து இறங்குவார்கள். அவர்கள்தான் சரியான அளவுக் குழு. சட்டையின் முதுகில் 'கூடவும் கூடாது, குறையவும் கூடாது' என்று அச்சடித்திருக்கும். அரிசோனா வெயிலில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதே பெரிய சேவை என்று அந்த மூன்று பேரும் மனதார நம்பினார்கள்.

நார்பர்ட் ஹாகனுக்கு எழுபத்தொரு வயது. ஃபார்கோ ஊரில் முப்பத்து நான்கு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு எஞ்சின் வேலை பார்த்தவர். ஆளில்லாத வாகன நிறுத்தத்தில்கூட 'நில்' பலகையைக் கண்டால் முழுதாக நின்று மூன்று எண்ணிவிட்டுத்தான் நகர்வார். வீட்டை விற்று, இருபத்தெட்டடி வீட்டுவண்டி ஒன்றை வாங்கி, இந்தச் சங்கத்தில் ஆயுள் உறுப்பினரானது அவர் மனைவி ஆர்லிஸுக்காக. ஃபார்கோவின் பனியில் சக்கர நாற்காலி தள்ள முடியவில்லை.

ஆர்லிஸுக்கு நரம்பு நோய். அதற்கு ஒரு குணம் உண்டு. உடம்பு கொஞ்சம் சூடானால் போதும், கால்கள் வேலைநிறுத்தம் செய்துவிடும். வண்டிக்குள் எழுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் சமையலறை வரை தானே நடப்பாள். எண்பத்தைந்தானால் காபிக் கோப்பை கையில் நிற்காது. தொண்ணூறைத் தாண்டினால் அவளை நார்பர்ட்தான் தூக்க வேண்டும். ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் புது மருந்தை நரம்பில் ஏற்ற மே பதினொன்றாம் தேதிக்கு நாள் கொடுத்திருந்தார்கள். ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய நாள். தவறவிட்டால் அடுத்தது நவம்பர். அதுவரை எப்படியாவது இந்த முகாமில் தாக்குப்பிடிக்க வேண்டும். மின்சாரம் உள்ள மனைகளுக்கு இவர்களுக்கு முன்னால் பதினெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். குளிர்காலத்தில் அது ஒரு பொருட்டாக இல்லை. ஏப்ரல் பதினெட்டாம் தேதி வெயில் தொண்ணூற்றெட்டைத் தொட்டபோது பொருட்டாகிவிட்டது.

எஞ்சின்காரருக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரையில் இருக்கும் ஏசி ஓடும்போது ஆயிரத்து ஐந்நூறு வாட் தின்னும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் மட்டும் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்கும். முகாம் இருப்பது நாலாயிரம் அடி உயரத்தில். மெல்லிய காற்றில் எஞ்சின் தன் பலத்தில் ஏழில் ஒரு பங்கை இழக்கும். ஞாயிறன்று சர்ச்சில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் மூன்று முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, மூவாயிரத்து ஐந்நூறு வாட் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டாயிரம் வாங்கினா ஏசி ஒரு உறுமு உறுமிட்டுப் படுத்துக்கும். அஞ்சாயிரம் வாங்கினா ஊரே எழுந்து உக்காந்துக்கும். இதுதான் சரி, ஆர்லிஸ்," என்றார்.

"கல்யாணம் ஆகி நாப்பத்தாறு வருஷத்துல முதல் தடவையா ஒண்ணை அளவு பாத்து வாங்கிட்டு வந்திருக்கே," என்றாள் ஆர்லிஸ். "நீ எனக்கு வாங்கிக் குடுத்த கோட்டுல எல்லாம் இன்னொருத்தியும் கூட நுழையலாம்."

பெட்டியைப் பிரித்து, எண்ணெய் ஊற்றி, முடுக்கும் கயிற்றில் கை வைத்தார். கோல்ஃப் வண்டி வந்து நின்றது.

இறங்கியவர் ராய்ஸ் டிட்வெல், குழுவின் தொழில்நுட்ப நிபுணர். முன்பு மெத்தை விற்றவர். இடுப்பில் ஒலி அளக்கும் கருவி தொங்கியது. அவர் ஜெனரேட்டரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்துக் கயிற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்.

"இது அளவு நிர்ணயிக்கப்படாத இயந்திரம்," என்றார்.

"பக்கத்துலயே எழுதியிருக்கே. மூவாயிரத்து ஐந்நூறு."

"அது இயந்திரத்தோட அளவு. உங்க அளவு என்னன்னு குழுதான் சொல்லணும். வியாழக்கிழமை பத்து மணிக்கு சுமைப் பிரகடனம். வண்டியில இருக்கிற மின்சாரப் பொருள் எல்லாத்தையும் மேசை மேல கொண்டுவந்து வைக்கணும். நாடாவைப் பிரிச்சா விதி மீறல். ஆயுள் உறுப்பினர்னா ஆயுளுக்கும் தடை."

"என் வீட்டுக்காரிக்கு வெயில் ஆகாதுங்க."

"யாருக்குத்தான் ஆகுது," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் ராய்ஸ். அவருக்கும் கஷ்டம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் நார்பர்ட் காபிப் பாத்திரம், ரொட்டி சுடும் பெட்டி, முடி உலர்த்தி, வானொலி, இரண்டு மேசை விளக்கு எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு சங்கக் கட்டடத்துக்குப் போனார். ஆர்லிஸை சக்கர நாற்காலியில் முன்னால் தள்ளி, கைவண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனதில் அவருக்கே கால் தள்ளாடியது. கூடத்துக்குள் அறுபத்தெட்டு டிகிரி. வராத உறுப்பினர்களின் நலத்துக்காகக்கூட அங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் ஆர்லிஸின் முகம் தெளிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, தானே நாலடி நடந்து, மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

தலைவர் வெர்லின் ஸ்டக்கி அதைக் கவனித்தார். "நல்லாத்தானே நடக்கறாங்க," என்றார் மகிழ்ச்சியோடு. செயலாளர் க்ளென்டா ப்ராதர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பிரகடனம் தொடங்கியது. நார்பர்ட் ஒவ்வொரு பொருளாகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். க்ளென்டா உரத்த குரலில் வாட் எண்ணைப் படிப்பாள். மூவரும் கை தூக்கி, அது தேவையா வசதியா என்று தீர்மானிப்பார்கள். காபிப் பாத்திரம் தேவை. ரொட்டிப் பெட்டி தேவை. முடி உலர்த்தி நீண்ட விவாதத்துக்குப் பிறகு தேவை, ஏனென்றால் க்ளென்டாவிடமும் ஒன்று இருந்தது.

"ஏசி?" என்று கேட்டார் ராய்ஸ்.

"அது கூரையில போல்ட் போட்டு இருக்குங்க. கொண்டுவர முடியாது."

"மேசைக்கு வராத பொருளைச் சுமையாக் கணக்கெடுக்க முடியாது. அப்படியே எடுத்தாலும் ஏசி வசதிப் பட்டியல்ல வருது."

"எனக்கு அதுதாங்க கால்," என்றாள் ஆர்லிஸ்.

"கால் பட்டியல்லயே இல்லையே, அம்மா," என்றாள் க்ளென்டா, தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

நார்பர்ட் சர்ச் தாளை எடுத்து நீட்டினார். கிளம்பும் நொடியின் கணக்கு, உயரத்தில் குறையும் பலம் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். ராய்ஸ் முழுக்கக் கேட்டார். மெத்தை விற்ற காலத்திலிருந்தே அவர் நன்றாகக் கேட்கக்கூடியவர்.

"இதுல ஒரு பிழை இருக்கு. உயரம் நாலாயிரம் அடின்னு போட்டிருக்கீங்க. விதிப்படி இந்த முகாமோட உயரம் பன்னிரண்டு அடி."

"ஜன்னல் வழியாப் பாருங்க, மலை மேல இருக்கோம்."

"நம்ம விதிப் புத்தகம் ஃப்ளோரிடா கடற்கரைக் கிளையிலிருந்து எடுத்தது. அதுல பன்னிரண்டுதான். மாத்தணும்னா ஜனவரி மாசப் பொதுக்குழுவுல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அதுவரைக்கும் நாம பன்னிரண்டு அடியிலதான் இருக்கோம்."

அப்போது வெளியே ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தலைவரின் நாற்பத்தைந்தடி வண்டிதான் அது, காலையிலிருந்து மூன்று ஏசியும் ஒரு பனிக்கட்டி இயந்திரமும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்லிஸ் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து, "அது எத்தனை வாட்டுங்க?" என்றாள்.

வெர்லின் ஸ்டக்கி இந்தக் கேள்விக்காகவே வாழ்ந்தவர்போல எழுந்து நின்றார்.

"பன்னிரண்டாயிரம். ஒளிக்கறதுக்கு எதுவும் இல்ல. ஆனா நண்பர்களே, அது வண்டிக்குள்ளயே பொருத்தினது. நம்ம குழு கையில தூக்கிட்டு வர்ற ஜெனரேட்டருக்கு மட்டும்தான். பொருத்தினது ஒரு மனுஷனோட குணம் மாதிரி, அதை அளக்க நாம யாரு? தூக்கிட்டு வர்றது ஆசை. ஆசைக்குத்தான் அளவு வேணும். நான் இங்க வந்தப்போ ஆளாளுக்கு அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களே முடிவு பண்ணிட்டு இருந்தாங்க. அதைப் பாத்து எனக்குத் தூக்கமே வரல. இந்த ஒன்பது வருஷத்துல ஒருத்தருக்குக்கூட அவங்க கேட்ட அளவைக் கொடுத்ததில்ல. இதைப் பெருமைக்காகச் சொல்லல. கேட்டதையே கொடுத்துட்டா அப்புறம் குழு எதுக்கு?"

மூவரும் கைதட்டினார்கள். பழக்கத்தில் நார்பர்ட்டும் தட்டிவிட்டார். ஆர்லிஸ் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு ஆயிரத்து அறுநூறு வாட். குழுவின் கிடங்கிலிருந்து அந்த அளவில் ஒன்றை இரவலாகக் கொடுத்தார்கள். நார்பர்ட் முடுக்கிப் பார்த்தார். ஏசி ஒருமுறை உறுமியது, விளக்கு மங்கியது, எல்லாம் அணைந்தது. புகார் செய்ததும் ராய்ஸ் வந்து மூன்று முறை சோதித்து, 'அங்கீகரிக்கப்பட்ட ஜெனரேட்டருக்கு ஏசி ஒத்துழைக்கவில்லை; குறை ஏசியில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க நார்பர்ட் ஈரத்துண்டை ஆர்லிஸின் கழுத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். பகலெல்லாம் ஊரில் இருக்கும் மளிகைக் கடைக்கு அவளைக் கூட்டிப்போய், உறைந்த பட்டாணி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான்காம் நாள் கடை மேலாளர் வந்து, வாங்குவதற்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். அதன்பின் போக நார்பர்ட்டுக்குக் கூச்சமாக இருந்தது.

மேல்முறையீட்டுக்கு மருத்துவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தில் வாட் எண்ணிக்கை இருக்க வேண்டும்.

"நாங்க மில்லிகிராம்லதான் எழுதுவோம்," என்றாள் தொலைபேசியில் ஃபீனிக்ஸ் செவிலி. கெஞ்சியபிறகு மருத்துவர், 'நோயாளியை எப்போதும் எண்பது டிகிரிக்குக் கீழ் வைத்திருப்பது அவசியம்' என்று எழுதிக்கொடுத்தார். குழு அதைத் திருப்பி அனுப்பியது. டிகிரிகளைப் பற்றிய விவகாரம் நீச்சல்குளக் குழுவின் கீழ் வருமாம்.

"இன்னொரு வழி இருக்கு," என்றாள் க்ளென்டா. அவள் கெட்டவள் இல்லை. விதிப் புத்தகத்தை இரண்டு நாள் தேடி இதைக் கண்டுபிடித்தவளே அவள்தான். "தேவைச் சோதனை. வசதிப் பொருள் இல்லாம நாப்பது நிமிஷம் இருந்து காட்டணும். முடியலைன்னு நிரூபணமாச்சுன்னா அது தேவை. உடனே முழு அளவும் கிடைச்சிடும்."

"பாதியில நிறுத்தினா?"

"நிரூபணம் ஆகலைன்னு அர்த்தம். அடுத்த சோதனை முப்பது நாள் கழிச்சு."

நார்பர்ட் வேண்டாம் என்றார். ஆர்லிஸ்தான் சம்மதித்தாள். "முகாமை விட்டுப் போலாம்னா எங்க போறது? பதினொண்ணாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள். தினமும் நீ துண்டு பிழியறதைப் பாத்துட்டு இருக்கறதுக்கு நாப்பது நிமிஷம் எவ்வளவோ தேவலாம்."

மே மூன்றாம் தேதி, மதியம் ஒரு மணி. வெளியே நூற்று மூன்று டிகிரி. சோதனை நேர்மையாக நடக்க வேண்டும் என்பதில் குழு கண்டிப்பாக இருந்தது. ஜன்னல்களைச் சாத்தினார்கள், காற்று உதவி என்பதால். ஈரத்துண்டை வாங்கிக்கொண்டார்கள், நீர் உதவி என்பதால். நார்பர்ட்டை வெளியே நிறுத்தினார்கள், கணவர் உதவி என்பதால். குழு தன் கோல்ஃப் வண்டியை நிழலில் நிறுத்தி, பனிக்கட்டி போட்ட தேநீரோடு உட்கார்ந்தது. பனிக்கட்டி தலைவரின் இயந்திரத்தில் செய்தது. வெர்லின் நார்பர்ட்டுக்கும் ஒரு கோப்பை கொடுக்கச் சொன்னார். அவர் வாங்கவில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை க்ளென்டா கதவைத் திறந்து மூன்று கேள்வி கேட்டாள். எழுந்து நிற்க முடிகிறதா, கோப்பையைப் பிடிக்க முடிகிறதா, சேவையில் திருப்தியா. முதல் முறை கோப்பை நின்றது. இரண்டாம் முறை தரையில் கிடந்தது. முப்பதாம் நிமிடம் ராய்ஸ் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார்.

"உள்ள நூத்திப் பன்னிரண்டு. வெளிய நூத்தி மூணு. ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் குளிர்ந்த காத்து உள்ள போகுது. இது உதவி. ஒரு திறப்புக்கு நாலு நிமிஷம் சேக்கணும்."

"மூணு தடவை திறந்தாச்சு," என்றாள் க்ளென்டா.

"அப்போ அம்பத்திரெண்டு."

நார்பர்ட் கதவில் வாயை வைத்து, "ஆர்லிஸ், போதும். கதவைத் திறக்கறேன்," என்றார்.

உள்ளேயிருந்து குரல் மெதுவாக வந்தது. "இவ்வளவு உக்காந்துட்டு விடச் சொல்றியா? உங்கம்மா வீட்டுல இருபத்திரெண்டு கிறிஸ்மஸ் சாப்பாடு சாப்பிட்டவ நான். இது என்ன பெரிசு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த மெத்தைக்காரன் பக்கத்துலயே இருக்கானா?" என்றாள்.

"இருக்கான்."

"நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம் எழுதிக்குவான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் பிறகு தன்னால் மன்னிக்க முடியாத ஒன்றாகவே வைத்திருந்தார். கதவின் மேல் ஒரு கையும், சிவப்பு நாடா ஒட்டிய ஜெனரேட்டரின் மேல் ஒரு கையுமாக, 'நில்' பலகைக்கு முன்னால் நிற்பதைப்போலவே நின்றுகொண்டிருந்தார்.

நாற்பத்தாறாம் நிமிடம் நார்பர்ட் கூப்பிட்டபோது பதில் வரவில்லை.

"பதில் இல்லைங்கறதை எந்தக் கட்டத்துல எழுத?" என்றாள் க்ளென்டா. "நிக்க முடியலைங்கறதுலயா?"

"நிக்கச் சொன்னோமா?" என்றார் ராய்ஸ். "சொல்லி நிக்காம இருந்தாத்தான் அது நிக்க முடியல."

நார்பர்ட் நாடாவைக் கிழித்தார். கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கிளம்பும் நொடி, உயரம், பலக் குறைவு எதுவும் பிசகவில்லை. மூவாயிரத்து ஐந்நூறு வாட்டில் ஏசி முதல் முயற்சியிலேயே ஓடியது. அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், மனைவியை மடியில் போட்டுக்கொண்டு, குளிர்ந்த காற்று வரும் துவாரத்துக்குக் கீழே உட்கார்ந்தார். அவள் உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. வெளியே ராய்ஸ் இருபத்து மூன்று அடி தள்ளி நின்று ஒலியை அளந்தார். அறுபத்து நான்கு டெசிபல், அனுமதிக்கு நான்கு அதிகம்.

ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. பதினொன்றாம் தேதி போக வேண்டிய அதே மருத்துவமனைக்கு ஆர்லிஸ் எட்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள். ஐந்தாம் தேதி காலையில் இறந்தாள். ஐந்தாம் நிமிடத்திலேயே கிழித்திருக்கலாம் அந்த நாடாவை. சாதாரண நாடாதான், இரண்டு விரல் அகலம். அந்த எண்ணம் நார்பர்ட்டை விட்டுப் போகவே இல்லை. போகவேண்டிய நியாயமும் இல்லை.

அடுத்த வாரம் குழு அவரை அழைத்தது. முதலில் ஒரு நிமிட மௌனம். முகாமில் இருந்த கையில் தூக்கும் ஜெனரேட்டர்கள் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்கள். அணைத்தார்கள். தலைவருடையது பொருத்தப்பட்டது என்பதால் தீர்மானத்துக்குள் வரவில்லை, அது ஓடிக்கொண்டிருந்தது. மௌனத்தை ராய்ஸ் அளந்து, நாற்பத்தேழு டெசிபல் என்று சொன்னார். இந்தப் பருவத்திலேயே மிகக் குறைந்த அளவு என்று க்ளென்டா குறித்துக்கொண்டாள். எழுதும்போது அவள் கண் கலங்கியது. அழுதுகொண்டே அடிக்கோடும் போட்டாள்.

வெர்லின் எழுந்தார்.

"நண்பர் நார்பர்ட், நாடாவைக் கிழிச்சதையும் நாலு டெசிபல் சத்தம் கூடினதையும் குழு மனிதாபிமானத்தோட மன்னிக்குது. சோதனையில தேவை முழுசா நிரூபணம் ஆச்சு. இவ்வளவு தெளிவா யாரும் நிரூபிச்சதில்ல. திருமதி ஹாகனுக்கு மூவாயிரத்து ஐந்நூறு வாட் ஒருமனதா வழங்கப்படுது. ஒன்பது வருஷத்துல கேட்டதையே வாங்கின முதல் ஆள் அவங்கதான்." சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. அதை நார்பர்ட்டிடம் கொடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கைகுலுக்கி, பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இது அவங்க பேருக்கு மட்டும். மாத்திக்கொடுக்க முடியாது. சுமையும் இப்போ குறைஞ்சிடுச்சு. ஒரு ஆள், ஒரு காபிப் பாத்திரம், ஒரு விளக்கு. உங்களுக்கு ஆயிரம் வாட் தாராளம்."

"முடி உலர்த்தியும் இனி தேவையில்ல," என்றார் ராய்ஸ், கணக்குக்கு உதவியாக.

க்ளென்டா புதுப் படிவத்தை நகர்த்தி வைத்தாள். "வண்டியில வசிக்கிறவங்க எண்ணிக்கையை நீங்களேதான் நிரப்பணும். மத்ததெல்லாம் நான் நிரப்பிட்டேன்."

நார்பர்ட் பேனாவை எடுத்தார். கட்டத்தின் மேல் வைத்தார். எழுதவில்லை.

"அவசரமே இல்ல," என்றார் வெர்லின் கனிவாக. "நாலரை வரைக்கும் ஆபீஸ் திறந்திருக்கும்."

அவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போய் வந்தார்கள். அறுபத்தெட்டு டிகிரியில் நார்பர்ட்டின் கை சில்லிட்டிருந்தது. நாலு இருபத்தெட்டுக்கு அவர் கட்டத்தில் 1 என்று எழுதினார்.

க்ளென்டா தாளை வாங்கிப் பார்த்து, மெதுவாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். எண்ணால் மட்டும் எழுதினால் போதாது, எழுத்தாலும் எழுத வேண்டும் என்றாள்.

எழுதினார்.